கேட்காமல் கொடுத்த புடவை

போன சித்திரையில் திருப்பதியிலிருந்து வேனில் வந்த சிலர் எங்கள் தெருவில் கம்பளி கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் கம்பளி. நல்ல பிள்ளைகள்தான், மரியாதையாகப் பேசினார்கள். கொடுத்து முடித்ததும் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் தூக்கிப் பிடிச்சிக் காட்டுங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்கள். கூச்சமும்தான். அது மட்டுமில்லை.

தூக்கிப் பிடித்துக் காட்டு என்று என் அம்மாவிடம் சொன்ன ஆள் செத்துப் பல வருஷமாகிறது. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இனியும் மாட்டேன்.

எங்கள் ஊர் பிச்சாட்டூருக்குப் பக்கத்தில். ஊரில் பாதிக்கு மேல் நிலம் அவருடையது. பெத்தாயன என்று கூப்பிடுவோம். தெலுங்கில் பெரியவர் என்று அர்த்தம். எங்களுக்கு ஒரு குழி நிலமும் கிடையாது. அவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போவோம். எங்கள் தெருவில் கிணறும் இல்லை. தண்ணீர் வேண்டுமானால் அவர் மாந்தோப்புக் கிணற்றுக்குப் போய்க் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிற்க வேண்டும். கயிற்றை நாங்கள் தொடக்கூடாது. தோட்டத்து ஆள் மாட்டுக்கு ஊற்றி, செடிக்கு ஊற்றி, மனசு வந்தால் எங்களுக்கு ஊற்றுவான். மனசு வராத நாளில் ஏரிக்குப் போவோம். கரை ஏறி, பாசி பிடித்த கல்லில் இறங்க வேண்டும்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மாசி மாதம். அம்மா ஆறு மாசக் கர்ப்பம். அந்தக் கல்லில் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். எனக்குத் தம்பியோ தங்கையோ ஆகியிருக்க வேண்டியது தங்கவில்லை. அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்தபோது உகாதி வந்துவிட்டது.

உகாதிக்கு மறுநாள் பெத்தாயன எங்கள் தெருப் பெண்களுக்குப் புடவை தானம் செய்வார். கோயில் எதிரில் பந்தல், மேளம். ஒவ்வொருத்தியும் முந்தானையில் வாங்கி, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, புடவையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி, பட்டைச் சிவப்புக் கரை. அதைக் கட்டிக்கொண்டு புத்தூர் சந்தைக்குப் போனால் போதும், "பெத்தாயன புடவையா?" என்று கடைக்காரன் கேட்பான். ஒன்று கிழிவதற்குள் அடுத்தது வந்துவிடும். புடவைக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை.

அம்மாவின் முறை வந்தது. புடவையை வாங்கினாள். தூக்கிக் காட்டவில்லை.

"சாமி, ஒரு வார்த்த. இந்த வருசம் எங்க தெருவுல யாருக்கும் புடவை வோணாம். ரெண்டு வருசம் வோணாம்னாலும் செரி. அதுக்குப் பதிலா தெருவுல ஒரு கிணறு வெட்டிக் குடுங்க சாமி."

மேளம் நின்றுவிட்டது. பெத்தாயன சிரித்தார்.

"கிணறா? வெட்டிக் குடுத்தா அத எப்பிடிடி தூக்கிக் காட்டுவ?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. அம்மா நகரவில்லை. "இல்ல சாமி, போன மாசம் நான் விழுந்தது..." என்று ஆரம்பித்தாள். அவர் சட்டென்று கை நீட்டி, அம்மா கையிலிருந்த புடவையைப் பிடுங்கி அடுத்தவள் முந்தானையில் போட்டார்.

"தர்மம் பண்றவனுக்கே புத்தி சொல்ல வந்துட்டா. போவே!"

அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். நான் அவள் பின்னால் நடந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். நாலு பேர் முன்னால் வாய் திறக்க அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது. ஆனால் அவர் சிரித்த சிரிப்பைக் கீழே விடாமல் வைத்துக்கொண்டேன்.

சமயம் ஒரு வருஷத்துக்குள் வந்தது.

எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்று எல்லைப் பேச்சு பலமாக நடந்துகொண்டிருந்தது. பெத்தாயனவுக்கு நெல் மில் திருத்தணியில். திருத்தணி மெட்ராசுக்குப் போகும்போல இருந்தது. ஊரும் கூடவே போனால் அவருக்கு வசதி. எங்கள் ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்க வேண்டும் என்று திருத்தணியில் ஒரு மனு எழுதி வாங்கி வந்தார். வீட்டுக்கு வீடு கைநாட்டு வேண்டும். எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் தமிழ்தான். இன்ன விஷயம் என்று சொல்லிக் கேட்டிருந்தால் சும்மாவே வைத்திருப்போம். அவர் கேட்கவில்லை. கைநாட்டு வைப்பவளுக்கு ஒரு புடவை என்று தண்டோரா போட்டார். அதே சிவப்புக் கரை.

கைநாட்டுக்குப் பக்கத்தில் பெயர் எழுத ஆள் வேண்டியிருந்தது. பெத்தாயனவுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும். அவருடைய கணக்குப்பிள்ளை காய்ச்சலில் கிடந்தார். தன் அரசாங்க வேலைக்கு ஆபத்து என்று வாத்தியாரும் நழுவிவிட்டார். எங்கள் தெருவில் தமிழில் ஐந்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். என்னைக் கூப்பிட்டு விட்டார்கள். அம்மா போகாதே என்றாள். நான் போனேன்.

களத்து மேட்டில் காகிதத்தைக் கொடுத்தார்கள். பெயர், புருஷன் பெயர், கைநாட்டு என்று கோடு போட்டிருந்தது. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம், காலியாக. அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தவள் எங்கள் அத்தை. குரலைத் தாழ்த்தி, "அத்தே, உனுக்கு இன்னா வோணும்?" என்று கேட்டேன்.

"எனுக்கா? உங்க மாமனுக்கு வேற ஒருத்தியப் பாத்துக் கட்டி வையி. நான் நிம்மதியாத் தூங்கறேன்."

"நெசமா சொல்லு அத்தே. எழுதிக்கினு இருக்கேன்."

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள். "எழுதறியா? அப்பிடின்னா கிணறுன்னு எழுது. எங்க அண்ணிக்கு ஆனது போதும்."

எழுதினேன். குடிதண்ணீருக்குக் கிணறு.

அடுத்தவள் கிணறு, பிரசவத்துக்கு ஒரு லாந்தர் என்றாள். அதற்கடுத்தவள் கிணறு, கூரைக்கு ஓலை என்றாள். வாயில் இரண்டே பல் மிச்சமிருந்த ஒரு கிழவி, "எனுக்குக் கேவுரு அரைக்க நல்ல எந்திரக் கல்லு ஒண்ணு. முழுசா துன்ன முடியல" என்றாள். போக எழுந்தவள் திரும்பி வந்து, "கெணறு எழுதுனியா?" என்று அதட்டினாள். புடவை என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் தானம் செய்தவருக்குத் தெரியாத விஷயம் எனக்கு ஒரு காலைப்பொழுதில் தெரிந்துவிட்டது. நான் செய்ததெல்லாம் கேட்டதுதான்.

தள்ளி நாற்காலியில் இருந்த பெத்தாயன, "ஏமே பாப்பா, பேரு எழுத இவ்ளோ நேரமா?" என்றார்.

"புருசன் பேரும் எழுதறேன் சாமி" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. பொய்யாகவே இருந்ததில் எனக்குத் திருப்தி.

சில நாள் கழித்து எல்லை விஷயமாக விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். எந்த ஆபீஸ் என்று எனக்குத் தெரியாது. கோயில் எதிரில் அதே பந்தல். பெத்தாயன மாலை போட்டு மனுவைக் கையில் கொடுத்தார். அதிகாரிக்கு இரண்டு பாஷையும் தெரியும். பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டார். பிறகு சத்தமாகவே படித்தார்.

"கிணறு. கிணறு, லாந்தர். கிணறு, ஓலை. எந்திரக் கல், கிணறு. என்னங்க இது? எல்லைக்கு மனு என்றார்கள், பூரா கிணறாக இருக்கிறது?"

கூட்டத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லாரும். அம்மாவைப் பார்த்துச் சிரித்த அதே இடம். பெத்தாயனவின் கழுத்திலிருந்து காது வரைக்கும் ரத்தம் ஏறியதை நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக எதையும் பார்த்ததில்லை.

"வெட்டறதாதான் இருக்கேன் சார். ஏற்பாடு நடந்துக்கினு இருக்குது" என்றார்.

"எந்த இடம்? காட்டுங்களேன்."

வேறு வழியில்லாமல் எங்கள் தெருவுக்கு நடந்து வந்து, கைத்தடியால் ஒரு இடத்தைத் தொட்டார். அவர் தடியை எடுப்பதற்குள் அம்மா தன் குடத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துவிட்டாள். கிணறு வெட்ட ஆள் வரும் வரை அந்தக் குடத்தை அவள் எடுக்கவில்லை.

எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இரண்டு அறுப்புக்கு எங்கள் வீட்டுக்கு வேலை இல்லை. நைனா, அதாவது என் அப்பா, திருப்பதிக்குப் போய் மூட்டை தூக்கினார். அரை வயிறுதான். ஆனால் தண்ணீர் வாசலில் இருந்தது.

ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. என் எழுத்தால் இருக்காது. ஒரு மனுவைப் பார்த்தா கோடு போட்டிருப்பார்கள்? ஆனால் பெத்தாயன சாகும்வரை என்னால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிணற்று மேடையில் அவர் ஒரு கல் பதித்தார். அவர் பெயர், அவர் அப்பா பெயர், தர்மம் என்று தெலுங்கில் வெட்டியிருந்தது. கல் நல்ல அகலம், சரிவாகவும் இருந்தது. முதல் நாளே அம்மா ஒரு பழைய சிவப்புக் கரைப் புடவையைக் கொண்டுபோய் அதன்மேல் அடித்துத் துவைத்தாள். மறுநாள் அத்தை. அப்புறம் தெருவே. அவர் கொடுத்த புடவைகளை அவர் பெயர் மேலேயே வருஷக்கணக்காக அடித்தோம்.

இப்போது யாருக்காவது ஏதாவது கொடுக்கும் அளவுக்கு என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. கேட்காமல் கொடுப்பதில்லை. அந்தக் கம்பளியைக்கூடத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையிடம் ஒரு காகிதம் வாங்கி, எங்கள் தெருவில் யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரித்து எழுதிக் கொடுத்தேன். மருந்து, கண்ணாடி, ஒரு வீட்டுக்குக் கதவு. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பார்க்கலாம்.

வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமையில் ஒரே ஒரு புடவையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறேன். கல்லில் பெயர் தேய்ந்து எவ்வளவோ காலமாகிறது. எந்த இடத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் அடிப்பேன்.