அந்த போட்டோவில் இடது சீட்டில் இருப்பது நான்

இந்தக் குழுவில் எல்லாருடைய பதிவையும் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள் நான். இன்றைக்கு எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். தப்பாக ஏதாவது இருந்தால் அட்மின் நீக்கிவிடலாம்.

போன வாரம் ஒருவர் தன் அண்ணனின் மாப்பிள்ளை அழைப்பு போட்டோவைப் போட்டிருந்தார். சாம்பல் நிற மாரிஸ் மைனர்... மேல்மூடியை மடக்கிவிட்டு, பின்சீட்டில் மாலையோடு மாப்பிள்ளை. "செம கார்பா! ஆனா நடுரோட்ல நின்னுபோச்சு, மாப்பிள்ளைய உள்ள வெச்சே தள்ளிக்கினு போனோம்" என்று எழுதியிருந்தார். கீழே ஒரே சிரிப்பு.

காரை ஓட்டுகிறவர் என் அப்பா. முன் இடது சீட்டில், பாதி முகம் வெட்டுப்பட்டுத் தெரிகிற ரெட்டைச் சடை நான். அப்போது ஏழாம் வகுப்பு.

டிக்... டிக்... டிக்...

அந்தக் கார் என்றதும் எனக்கு முதலில் இந்தச் சத்தம்தான் வரும். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் படபடவென்று அடிக்கும். பிறகு அடங்கி, ஓடும்போது நிதானமாக ஒன்று... கொஞ்சம் கழித்து இன்னொன்று...

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கார் அது. முதலில் ஒரு டாக்டர் வீட்டில் இருந்தது. பிறகு ஒரு ரைஸ் மில் முதலாளியிடம் வந்தது. அப்பா அந்த மில்லில் டிரைவர். மில்லை மூடியபோது, "நீயே வெச்சுக்கபா, உன் கை பட்டாதான் அது ஸ்டார்ட் ஆவுது" என்று முதலாளி கொடுத்துவிட்டார். தாமல் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. எங்கள் தெருவில் வந்து நின்ற முதல் கார் அதுதான்.

திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு குட்டிக் கை வெளியே நீளும். அதுதான் இண்டிகேட்டர். நீண்ட கை பாதி நாள் உள்ளே போகாது, ஓங்கி ஒரு தட்டு தட்டவேண்டும். தெருப் பிள்ளைகள் "கைதூக்கி வண்டி" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள்.

மில் இரைச்சலில் அப்பாவின் காது மந்தமாகிவிட்டது. டிக் சத்தம் அவருக்குக் கேட்காது. அதனால் கல்யாண வாடகைக்குப் போகும்போது என்னைக் கூட்டிப்போவார். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் வைக்கிற இடத்தில் முன்தகட்டின்மேல் வெறுங்காலை வைத்துக்கொள்வேன். அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம்தான் பம்ப். எத்தனை பேண்டு வாசித்தாலும் காலுக்குத் தெரியும். டிக் நின்றுபோனால் அப்பாவின் முழங்காலில் ஒரு தட்டு. அவர் இறங்கி ஸ்பேனரால் பம்பைத் தட்டிவிட்டு வருவார்.

"நிக்காம அடிச்சிக்கினே இருந்தா இன்னாப்பா?"

"எங்கியோ பெட்ரோல் ஒழுகுதுன்னு அர்த்தம்மா. அதெல்லாம் ஆவாது."

ஆகாது என்பதால் அதற்கு நாங்கள் சைகை வைத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றும் சொல்லியிருந்தார். "அவங்க கேட்டா பதில் சொல்லு. நீயா எதுவும் பேசாத. கல்யாண வீடு."

அந்த போட்டோ எடுத்த அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பினோம். முன்னால் பேண்டு. அதற்கும் முன்னால் மாப்பிள்ளையின் சித்தப்பா ரோட்டின் நீளத்துக்குச் சரவெடியை விரித்துக்கொண்டிருந்தார். கார் மெல்ல அதை நோக்கி ஊர்ந்தது.

காலுக்கடியில் டிக் வேகமானது. படபடவென்று... நிற்கவே இல்லை. மல்லிகை வாசனையோடு பெட்ரோல் வாசனையும் வந்தது.

"அப்பா" என்றேன். உதடு மட்டும் அசைந்தது. முழங்காலில் தட்டினால் பம்ப் நின்றுவிட்டது என்று நினைப்பார். பின்சீட்டுக்குத் திரும்பி மாப்பிள்ளையிடம் சொல்லலாம்... கழுத்து திரும்பவில்லை. சித்தப்பா ஊதுபத்தியை ஊதிக் கனிய வைத்துக்கொண்டிருந்தார்.

சாவி டேஷ்போர்டின் நடுவில்தான் இருக்கும். கையை நீட்டித் திருப்பி அணைத்துவிட்டேன்.

அப்பா மறுபடி சாவியைத் திருப்ப வந்தார். அதன்மேல் என் கையை வைத்து மூடிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். இறங்கி பானெட்டைத் திறந்தவர் உடனே மூடிவிட்டார். சூடான எக்ஸாஸ்ட்மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்ததாம்.

"பேட்டரி பூட்ச்சு சார்! கொஞ்சம் பின்னால தள்ளுங்க, அந்தச் சந்து வழியா போயிடலாம்!"

"இன்னாபா, எங்க மாப்பிள்ளைய தள்ளுவண்டில ஏத்திக்கினு வந்துட்டியா?" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சந்துக்குள் போனபிறகு சரவெடி வெடித்தது. அது ஓயும்வரை நான் சீட்டின் விளிம்பை விடவில்லை.

வீட்டில் அப்பா கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார். பெட்ரோலை நிறுத்துகிற குட்டி ஊசி தேய்ந்து சிக்கியிருந்தது. கார்மேல் தப்பில்லை, மாற்றாமல் தள்ளிப்போட்டது நாங்கள்தான்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லமா?"

"நீதானப்பா பேசாதன்னு சொன்ன."

அவர் ஊசியைத் துணியில் சுற்றி வைத்தார். பிறகு, "வெளிய யார்கிட்டயும் சொல்லாத, அப்புறம் எவனும் கூப்புட மாட்டான்" என்றார். இத்தனை வருஷம் சொல்லவில்லை.

அதனால் சிரித்தவர்களுக்கு ஒரு திருத்தம். கார் நின்றுபோகவில்லை. நான் நிறுத்தினேன்.

இப்போது படித்துமுடித்து ஒரு கம்பெனியில் இருக்கிறேன். ஏசி கேப் வீட்டு வாசலுக்கே வருகிறது. எந்தச் சத்தமும் இல்லாத வண்டி. ஆனாலும் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காலை வைத்துப் பார்க்கிறேன்... ஒன்றும் தெரியாது. அதுவும் ஒரு மாதிரி பயமாகத்தான் இருக்கிறது.

அந்த போட்டோவைப் பார்த்துவிட்டு இந்தக் குழுவிலிருந்தே ஒரு குடும்பம் அடுத்த மாதக் கல்யாணத்துக்குக் காரைக் கேட்டிருக்கிறது. அப்பாவும் சரி என்றுவிட்டார். இரண்டு நாளாகத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். "ஊசி புச்சா மாத்திட்டேன், பைப்பும் புச்சு, இன்னும் இன்னா பயம் உனக்கு?" என்கிறார். அவருக்கு இப்போது நான் பக்கத்தில் நின்று கத்தினாலும் எட்டுவதில்லை. காது மெஷின் அலமாரியில் கிடக்கிறது.

இதைப் படித்துவிட்டு, காரைக் கேட்ட நீங்கள் வேண்டாம் என்றால் அவர் என்னிடம் பேசவே மாட்டார். அந்தப் பயத்தில் மூன்று முறை எழுதி அழித்தேன்.

கல்யாணத்தன்று லீவு சொல்லிவிட்டேன். முன் இடது சீட்டை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம்... அன்றைக்கு என் வாயில் வராததை இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன். தயவுசெய்து எங்கள் காருக்கு முன்னால் பட்டாசு வெடிக்காதீர்கள்.