வில்லுக்கு வைத்த தேங்காயெண்ணெய்

எங்கள் வீட்டில் காலையில் எண்ணெய் வைக்காத தலை கிடையாது. அம்மா கண்ணில் பட்டால் போதும், கிண்ணத்தோடு வந்துவிடுவாள். அப்பாவின் வழுக்கைகூடத் தப்பவில்லை. ஆனால் இந்த வைத்தியம் என் வயலின் வரைக்கும் போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் குடியிருந்தோம். நான் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாங்கிளாஸ். அந்த வருஷம் எங்கிருந்தோ சின்னச் சின்ன வயலின்கள் வந்து இறங்கின. ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பிக்கப் போகிறோம் என்றார்கள். சொல்லிக்கொடுக்க ஒரு சார் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசிக்கிறவர். எங்கள் கையை நீட்டச் சொல்லி, விரலைப் பார்த்து ஆள் எடுத்தார். எனக்குக் கொஞ்சம் நீள விரல், எடுத்துவிட்டார்.

முதல் சில மாசம் நாங்கள் எழுப்பிய சத்தத்தைச் சொல்லி மாளாது. பக்கத்து கிளாஸ் டீச்சர் அந்த வெயிலிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சார் மட்டும் சளைக்கவில்லை. "எல்லார் வில்லும் ஒண்ணா மேல போவணும், ஒண்ணா கீழ வரணும். நீ மட்டும் இன்னாத்துக்கு எதிர்ல வந்துகினு கீறே?" என்று தினமும் என்னைத்தான் பிடிப்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். வேண்டுமென்றே இன்னும் அழுத்தி இழுப்பேன்.

ஆண்டு விழாவில் நாங்கள் வாசிப்பதாக முடிவானது. அம்மா அதுவரை என் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. "யாராவது இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டா நான் என்னத்த சொல்றது? அசிங்கமாப் போயிடும்" என்று ரேங்க் கார்டு வாங்கக்கூட அப்பாவைத்தான் அனுப்புவாள். இந்தத் தடவை அவளாகவே, "நான் வரேன்" என்றாள்.

விழாவுக்கு முந்தின நாள், வயலினை வீட்டில் வைத்துத் துடைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் சார். அம்மா வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் இழுத்துக் கட்டியிருந்ததைத் தொட்டு, இது என்ன என்று கேட்டாள். குதிரை வால் முடி என்றேன்.

"அதான் இப்படிக் காஞ்சு கெடக்கா? பொடுகு வேற."

அந்த வெள்ளைப் பொடி பொடுகு இல்லை. முடியில் நாங்கள் தேய்க்கிற பிசின் கட்டியின் பொடி. அது ஒட்டியிருந்தால்தான் முடி கம்பியைப் பிடிக்கும், சத்தம் வரும். இதையெல்லாம் அவளுக்கு யார் சொன்னார்கள்? நானும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை மேடைக்குப் பின்னால் எல்லோரும் ஒருமுறை இழுத்துப் பார்த்தோம். என் வில் கம்பி மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு முனகல்கூட இல்லை. மூக்கருகே கொண்டுபோனேன். என் தலையில் அடிக்கிற அதே வாசனை.

சாரும் வாங்கி மோந்து பார்த்தார். "தேங்காண்ணெய். பொடியையும் துடைச்சுட்டு எண்ணெயத் தடவி கீது. இதைப் பண்ண ஆளுக்கு மூளை கீதா?"

"நான்தான் சார்" என்றேன்.

வேறு வில் இல்லை. எண்ணெய் மேல் எந்தப் பொடியும் ஒட்டாது. சார் என்னை நிறுத்தப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. திரை இடுக்கில் பார்த்தால், கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையில் மூன்றாவது வரிசையில் அம்மா, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"சார், எங்கம்மா வந்திருக்காங்க."

சாரும் திரை இடுக்கில் எட்டிப் பார்த்தார். "சரி, ஏறு. சத்தம் வராட்டிப் பரவால்ல. எல்லாரும் மேல போறப்ப மேல போ, கீழ வர்றப்ப கீழ வா."

மேடையில் பக்கத்துப் பையனின் வில்லை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அன்றுதான் எல்லா வில்லும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. என் வயலின் மட்டும் ஊமை. ஆத்திரத்தில் கண் எரிந்தது. இரும்மா, வெளியே வந்து உன்னை வெச்சுக்கறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே இழுத்தேன்.

வெளியே போகிறவரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. யார் யாரையோ விலக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்துவிட்டாள். முகமெல்லாம் பல்.

"அத்தனை பேர்ல உன் சத்தம்தான்டி தனியாக் கேட்டுச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் சார் அந்தப் பக்கம் வந்தார். எந்த டீச்சரிடமும் பேசாத அம்மா, தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு நேரே அவரிடம் போனாள். "சார், அந்த முடி ரொம்பக் காஞ்சு கெடந்துச்சு. நான்தான் நேத்து நல்லாத் தொடச்சு எண்ணெய் வெச்சேன். அதான் இவ்ளோ நல்லா வந்துச்சு போல."

காலையில் என்னிடம் கேட்ட அந்த 'மூளை கீதா'வை இப்போது இவளிடம் கேட்டுவிட்டால் என்ன செய்வேன்? சார் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"ஆமாம்மா. இவ்ளோ நாள்ல இன்னிக்குத்தான் உங்க பொண்ணு வில்லு ஒழுங்காப் போச்சு" என்றார். "ஆனா இனிமே வெக்காதீங்க. ஒரு தடவ வெச்சாப் போதும், ஆயுசுக்கும் தாங்கும்."

அன்று சாயங்காலம் அப்பாவிடம் இதை எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை. அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "எல்லாரும் சேர்ந்து வாசிக்கறப்ப ஒருத்தரோடது மட்டும் எப்படித் தனியாக் கேக்கும்?" என்று என் பக்கம் திரும்பினார். அம்மாவும் என்னையே பார்த்தாள். காலையிலிருந்து சேர்த்து வைத்த கோபம் எங்கே போய்த் தொலைந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"கேட்டுச்சுப்பா" என்றேன். "எனக்கே கேட்டுச்சு."