எவரும் அனுமதி கேட்கத் தேவையில்லாத பாடநூல்

வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் வருட மாணவர்களுக்குப் புவியியல் விரிவுரை நடத்திக்கொண்டிருந்தேன். நூலக உதவியாளர் நஸார் மண்டப வாசலில் வந்து நின்றார். வகுப்பு நடுவே வந்து நிற்கும் பழக்கம் அவருக்கு இல்லை. வெளியே போனேன்.

"மிஸ், நம்மட ஜனூபா மேடம் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்கு ஜனாஸா அடக்கம் எடுக்காங்க."

அவர் நோயுற்றிருந்ததை அறிந்திருந்தும் இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. உள்ளே திரும்பி, "உங்கள் கைபேசிகளில் இருக்கும் இந்தப் பாடநூல் பிறக்கக் காரணமான நூலகர் இன்று காலமாகிவிட்டார்" என்றேன். யாரும் சொல்லாமலே மாணவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களில் பலர் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பார்க்காதவர்களுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஜனூபா மேடம் கிழக்குக் கரையோர ஊரான மருதமுனையில் நெசவுக் குடும்பமொன்றில் பிறந்தவர். எமது பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்து, நூலகராக உயர்ந்தவர். குள்ளமான உருவம், வேகமான நடை. கல்முனை மீன்பிடிக் குடும்பத்துப் பெண்ணான எனக்கும் அவருக்கும் நட்பு தொடங்கியது ஒரு சண்டையில்தான்.

எமது கலைப்பீடத்தில் பாடங்கள் தமிழில் நடக்கின்றன. நல்ல பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ரூபாயின் பெறுமதி விழுந்த பிறகு அவற்றின் விலையும் எட்டாமல் போனது. வெளிநாட்டுப் புவியியல் நூலொன்றின் பிரதிகளை இன்னும் வாங்கித் தரும்படி கேட்டு நூலகத்துக்குப் போனேன். அவர் நூலகத்திலிருந்த ஒரே பிரதியை எடுத்து என் முன்னால் விரித்தார். தையல் விட்டுப் பக்கங்கள் தொங்கின.

"மிஸ், இந்தப் புத்தகத்தில பக்கத்துக்குப் பக்கம் பனிமழை கொட்டுது. நம்மட புள்ளைகள் எங்க போய்ப் பனிமழை பாக்கிற?"

"அதுக்காக வாங்காம விடுறதா மேடம்?" என்று நானும் சூடாகக் கேட்டேன்.

"வாங்கிற காசில கொஞ்சத்த உங்களுக்குத் தந்தா, நீங்க ஒண்டு எழுதித் தருவீங்களா?"

நானா என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திறந்த கல்வி வளங்கள் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அத்தகைய நூலை யாரும் இலவசமாகப் படிக்கலாம், படியெடுக்கலாம், தம் ஊருக்கு ஏற்றபடி மாற்றவும் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். நூலகமே ஒரு மானியம் வைத்து, புதிதாக எழுதுவோருக்கும் ஏற்கெனவே இருக்கும் திறந்த நூல்களை நமக்கேற்ப மாற்றுவோருக்கும் உதவ வேண்டும் என்பதே அவருடைய திட்டம்.

நூலகக் குழுக் கூட்டத்தில் அந்தத் திட்டத்தை அவர் வைத்தபோது எங்கள் துறையின் சார்பில் நானும் இருந்தேன். பொருளியல் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சும்மா குடுக்கிற புத்தகத்த எவன் மேடம் மதிப்பான்? நம்மட கம்பஸ்ட பேர்தான் கெடும்."

ஜனூபா மேடம் குரலை உயர்த்தவில்லை. "சேர், நீங்க முதலாம் வகுப்பில இருந்து பட்டம் வரைக்கும் படிச்சது இலவசக் கல்விதானே? அதால உங்கட பட்டத்த ஆராவது மதிக்காம உட்டாங்களா?"

தலைமை வகித்தவர்தான் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "சரி, ஒரு வருஷம் பாப்பம். ஒழுங்கான புத்தகம் ஒண்டாவது வராட்டி நிப்பாட்டணும்" என்றார்.

"ஓம் சேர். வராட்டி நானே நிப்பாட்டுறன்."

அன்றிலிருந்து அவருடைய ஸ்கூட்டி ஒவ்வொரு துறையின் வாசலிலும் நின்றது. பலர் தயங்கினார்கள். பதவி உயர்வுக்கு இது உதவுமா என்று கேட்டார்கள். "எழுதுங்க, அதுக்கு நான் சண்டை புடிக்கன்" என்பார். பின்னாளில் பல்கலைக்கழக மூதவையில் அந்தச் சண்டையைப் பிடித்து வென்றும் காட்டினார். ஆனால் முதல் வருடத்தில் துணிந்து வந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் நானும் ஒருத்தி. திறந்த உரிமம் கொண்ட ஆங்கிலப் புவியியல் நூலொன்றைத் தமிழில், எங்கள் கரைக்கு ஏற்றபடி ஆக்க ஒப்புக்கொண்டேன். மானியத்தால் தட்டச்சுக்கும் மொழித் திருத்தத்துக்கும் ஆள் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மருதமுனையில் அவர் வீட்டு முன்னறையில் அமர்வோம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே நான் வாசிப்பேன். அவர் இஞ்சி போட்ட, பாலில்லாத பிளேன்ரீயுடன் கேட்டுக்கொண்டிருப்பார். விளங்காத இடத்தில் கையை உயர்த்துவார்.

"நில்லுங்க மிஸ். இது தமிழா?"

"கலைச்சொல் மேடம்."

"சொல் இரிக்கட்டும். அடுத்த வரியில அத விளங்கப்படுத்துங்க. எனக்கே விளங்காட்டி, ஆலையடிவேம்பில தனிய இருந்து படிக்கிற புள்ளைக்கு எப்பிடி விளங்கும்?"

எத்தனை பந்திகளைத் திரும்ப எழுதினேன் என்று தெரியாது. எரிச்சலில் ஒருநாள் தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தும் விட்டேன். "தேத்தண்ணிய முடிச்சிட்டுக் கோவிச்சுக்கொண்டு போங்க" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் உட்கார்ந்தேன்.

நூல் முடியும் தறுவாயில் பெரிய இடி விழுந்தது. நான் சேர்த்திருந்த படங்களில் பாதிக்கு மேல் இணையத்தில் எடுத்தவை. அவற்றில் எதுவும் திறந்த உரிமம் உடையது அல்ல என்று மேடம் கண்டுபிடித்தார். வருடம் முடிய அதிக காலமும் இல்லை. இந்த ஒருமுறை விட்டுவிடலாமே என்று கெஞ்சினேன்.

"அடுத்தவங்கட சாமான எடுத்து வெச்சிட்டு, எல்லாரும் எடுங்க எண்டு சொல்லலாமா மிஸ்? அப்பிடி வெளியிடுறத விட நான் தோத்துப் போறன்."

அவர் தோற்கச் சம்மதிக்கும் ஆள் இல்லை என்பது மறுநாளே தெரிந்தது. என் மாணவர்களை அழைத்து, கைபேசியுடன் ஊர் ஊராக அனுப்பினார். சிலர் சாகாமம் குளக்கட்டில் ஏறினார்கள். சிலர் கரைவலை இழுப்பவர்களோடு ஈர மணலில் நின்றார்கள். சேறு படிந்த காலுடன் நூலகத்துக்குள் வந்த ஒரு மாணவியைக் காவலாளி தடுத்தபோது, "உடுங்க, அவ நூலாசிரியர்" என்று மேடம் சொன்னார். அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எல்லோருடைய பெயரும் நூலில் ஏறியது.

வருடம் முடியுமுன் நூல் வெளிவந்தது. குழுக் கூட்டத்தில் அச்சிட்ட பிரதியைப் பேராசிரியர் குற்றம் தேடுபவர்போலப் புரட்டினார். குளத்தையும் அதன் கீழே விரிந்த வயல்வெளியையும் காட்டும் படத்தில் அவர் விரல் நின்றது.

"இது எங்கட வயல் வட்டை" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "வாப்பா வெள்ளாமை செய்த வயல் இதிலதான் இரிக்கு. நான் படிக்கக்குள்ள ஒரு புத்தகத்திலயும் எங்கட இடம் வரல்ல."

மானியம் தொடரட்டும் என்று முன்மொழிந்தவர் அவரே. அடுத்த கல்வித் தவணையில் நூலக வாசலுக்கு வந்து, தானும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டார். "வாங்க சேர், உங்களத்தான் பாத்துக்கொண்டிரிக்கன்" என்றார் மேடம். இன்று எங்கள் மாணவர்கள் படிக்கும் பொருளியல் அறிமுக நூல் அந்தப் பேராசிரியர் எழுதியது.

பிறகு நடந்ததுதான் அவர் வாழ்வின் பெரிய மகிழ்ச்சி. மலையகத்தில் பணியாற்றும் விரிவுரையாளர் ஒருவர், எங்கள் நூலில் மண்சரிவு பற்றிய அத்தியாயமொன்றைத் தானாக எழுதிச் சேர்த்து, தம் மாணவர்களுக்கு வழங்கியிருந்தார். அதன் பிரதியை எங்களுக்கும் அனுப்பினார். வாசிப்பு மண்டபத்தில் இருந்த என்னிடம் மேடம் ஓடி வந்தார்.

"கேக்காமலே செய்திரிக்காங்க மிஸ்! பாத்தீங்களா, கேக்காமலே!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஆயுள் முழுவதும் பிறரை அமைதி காக்கச் சொன்னவர், தன் வாயிலேயே விரலை வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

நோய் அதன்பிறகே தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் விண்ணப்பங்களைப் படித்தார். மானியத்தை நூலகத்தின் நிரந்தரச் செலவாகப் பல்கலைக்கழகப் பேரவை ஏற்றுக்கொண்ட செய்தியை வைத்தியசாலைக்கு நான்தான் கொண்டுபோனேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்களை மூடினார். நன்றாக மெலிந்திருந்தார். உறங்கிவிட்டார் என்று எழுந்தபோது, "சிங்களத்தில மாத்த ஆராவது மானியம் கேட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப நாம போய் எழுதித் தரச் சொல்லிக் கேப்பம்." அதுவே அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

அந்த வெள்ளிக்கிழமை ஜனாஸா வீட்டில் பெண்கள் பகுதியில் என்னை அவருடைய மகள் கைபிடித்து அழைத்துப்போனார். வெள்ளைத் துணிக்குள் அந்த முகம் அமைதியாக இருந்தது. அழுதேன். ஆனாலும் தோற்றுப்போனவரை வழியனுப்பும் அழுகை அல்ல அது.

திங்கட்கிழமை மறுபடி வகுப்பெடுத்தேன். கரையோர அரிப்பு அன்றைய பாடம். சாய்ந்தமருதுவைச் சேர்ந்த மாணவியொருத்தி எழுந்தாள்.

"மிஸ், புத்தகத்தில இந்த வரைபடம் பிழை. இதில காட்டியிரிக்கிற கரை இப்ப இல்ல. எங்கட வீட்டுக்குப் பக்கத்தால கடல் உள்ளுக்கு வந்திட்டு."

"சரியான கரையை உங்களால் வரைய முடியுமா?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ்."

அன்று பின்னேரமே நூலகக் கணினியில் அமர்ந்து அவள் வரைந்தாள். கரைக்குப் போய் அளந்து வந்த தோழிகள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்கள். இரவுக்குள் புதிய வரைபடம் நூலின் இணையப் பிரதியில் ஏறிவிட்டது. அதன் கீழே அவர்களுடைய பெயர்கள்.

போய் வாருங்கள், மேடம். அந்தப் பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.