கூட்டேரிப்பட்டில் மூச்சுவிட்ட வண்டி

காலை ஏழரை மணி இருக்கும். விழுப்புரத்தில் நான் குடியிருந்த தெருவுக்குள் தனசேகரின் பைக் நுழையும் சத்தம் கேட்டது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். சட்டைப் பையில் கைக்குட்டைக்குள் தாலி. அன்று எங்கள் இருவருக்கும் மயிலம் முருகன் மலைக்கோயிலில் கல்யாணம்.

எனக்கு நாற்பத்துமூன்று வயது. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கணவர் இறந்தபோது மகள் நித்யா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். தனசேகர் பக்கத்துக் கிராமமான கெடாரில் நான்கு ஏக்கரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிறவர். அவரும் மனைவியை இழந்தவர். அவருடைய அம்மாவை எங்கள் வார்டில் சேர்த்திருந்தபோதுதான் பழக்கம். எல்லாரையும் போல அவரும் என்னை முதலில் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார். அந்த வார்த்தையை விடுவதற்கு அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று.

கல்யாணத்துக்கு எதிர்ப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, திண்டிவனத்தில் இருக்கும் அவருடைய அக்கா கோதாவரியைத் தவிர. தம்பிக்கு இந்த வயதில் எதற்கு என்பது அவர் கேள்வி. நித்யாதான் இரண்டு முறை போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். கடைசியில் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஒம்போதுலேர்ந்து பத்தரைக்குள்ள தாலி ஏறணும். நேரம் தப்பிச்சுன்னா முருகனே வேணான்னு சொல்லிட்டாருன்னு நான் எழுந்து போய்க்கினே இருப்பேன்." நித்யா முதல் நாளே திண்டிவனம் போய் அக்கா வீட்டில் தங்கிவிட்டாள். அவர்கள் அங்கிருந்து வேனில் வருவதாக ஏற்பாடு. கல்யாணச் சாப்பாடும் அக்கா வீட்டில்தான்.

"காரு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன், பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டே.

"நாப்பது கிலோமீட்டர் கூட இல்ல மல்லிகா. நம்ம வண்டியிலேயே போறதுதான் எனக்கு ஆசை. டேங்க் முட்ட பெட்ரோல் போட்டிருக்கேன்."

அந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரியும். கெடாருக்குள் வயலுக்கும் வீட்டுக்கும் ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. தூரமாகக் கிளம்பினால் திடீரென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஓரமாக நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். மூன்று கடைகளில் காட்டியாகிவிட்டது. ஒருவர் பிளக் மாற்றினார், ஒருவர் பெட்ரோல் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்தார், மூன்றாமவர் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். ஒவ்வொரு கடையிலும் அவர்கள் ஓட்டிப் பார்த்தபோது அது ஒழுங்காகவே ஓடியது.

பைபாசில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் கரும்பு, நடுநடுவே புதிதாகப் பிரித்த மனைகளின் கொடிகள். நான் ஒரு கையால் கனகாம்பரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் கார்கள் வரிசை கட்டி நிற்க, இருசக்கர வண்டிகளுக்கு இருக்கிற இடது ஓரப் பாதையில் காசில்லாமல் புகுந்து வெளியே வந்தோம். "பாத்தியா, காருல வந்திருந்தா அங்கதான் நின்னுக்கினு இருப்போம்" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. வண்டி இரண்டு முறை குலுங்கி, முனகி, ஓரத்தில் போய் நின்றது.

பட்டனை அழுத்தினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னொரு முறை. அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டு டேங்க் மூடியைச் சாவி போட்டுத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம், யாரோ மூச்சை உள்ளே இழுத்ததுபோல. பெட்ரோல் ததும்பிக்கொண்டுதான் இருந்தது. மூடினார், பட்டனை அழுத்தினார், உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"அவ்ளோதான், கொஞ்சம் சூடாயிருக்கும்" என்றார். ஆனால் அந்தச் சத்தம் என் காதிலேயே இருந்தது.

கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி அதே குலுக்கல், அதே முனகல். இந்த முறை நானே இறங்கி, "சாவியக் குடுங்க" என்று வாங்கி மூடியைத் திறந்தேன். காதைக் கிட்டே கொண்டுபோனேன். 'உஸ்ஸ்'. சந்தேகமே இல்லை. காற்று உள்ளேதான் போனது.

"ஏங்க, இது டிரிப் மாதிரிங்க" என்றேன்.

"இன்னா டிரிப்?"

"கண்ணாடி பாட்டில்ல மருந்து ஏத்துறோம் இல்ல, அதுல ரப்பர் மூடியில காத்துக்குன்னு இன்னொரு ஊசி குத்துவோம். குத்த மறந்துட்டா, மொதல்ல நல்லா சொட்டும். அப்புறம் கொறைஞ்சு கொறைஞ்சு நின்னுடும். பாட்டில்ல மருந்து நெறைய இருக்கும், ஆனா எறங்காது. உங்க டேங்குக்கும் காத்து போற வழி எங்கயோ அடைச்சிருக்கு."

அவர் வண்டியையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஊருக்குள்ள கால் டேங்க்தான் போடுவேன். உள்ள காத்து நெறைய இருக்கும். இன்னிக்கு முட்டப் போட்டதால ஜல்தியா நின்னுடுது." கடைகளில் ஏன் பிடிபடவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அங்கே போனதும் முதல் வேலையாக மூடியைத் திறந்துதான் பெட்ரோலைப் பார்ப்பார்கள்.

இன்னொரு முறை நின்றால் முகூர்த்தம் தப்பிவிடும் என்று, மயிலத்துக்குச் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம். பூவும் பட்டுமாக நாங்கள் வந்து இறங்குவதைப் பார்த்ததும் கடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த பீடியைத் தூரப் போட்டுவிட்டு எழுந்தார். விஷயத்தைச் சொன்னேன். சீட்டையும் பக்கவாட்டு மூடியையும் கழற்றினோம். டேங்கிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இறங்கி, உள்ளங்கை அளவுள்ள ஒரு கறுப்பு டப்பாவுக்குள் போனது.

"இது கரி டப்பாங்க" என்றார் கடைக்காரர். "பெட்ரோல் ஆவி வெளிய போவாம புடிச்சு வச்சு இன்ஜினுக்கு அனுப்பும். புகை சட்டத்துக்காவ இப்ப வர்ற வண்டியில எல்லாம் இருக்கு. டேங்குக்குக் காத்து வர்றதும் இது வழியாதான். பேஜாரு புடிச்சது, புடுங்கிப் போட்டுட்டுக் குழாய அப்படியே உடுங்க. நெறைய பேரு அப்படித்தான் பண்றாங்க."

தனசேகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது தாண்டியிருந்தது. "புடுங்கிடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கும் ஒரு கணம் சரி என்று சொல்லத் தோன்றியது. ஆனால் குழாயைச் சும்மா விட்டால் ஆவியும் பெட்ரோலும் சூடான இன்ஜின் பக்கம்தான் இறங்கும், நானோ பட்டுப்புடவையில் அதன் மேல் உட்கார்ந்து போக வேண்டும். "டப்பா மேல தப்பு இல்லீங்க" என்றேன். "அடைப்பு எங்கன்னு பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

குழாயைக் கழற்றிக் கடைக்காரர் ஊதிப் பார்த்தார். காற்று தாராளமாகப் போனது. டப்பாவைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தோம். அடியில், வெளிக்காற்றுக்கென்று திறந்திருக்க வேண்டிய சிறு குழாயின் வாய் மண்ணால் பூசப்பட்டிருந்தது. சிமெண்டு பூசியதுபோல் வழவழவென்று, நன்றாகக் காய்ந்து.

"குளவி" என்றார் தனசேகர். "மோட்டார் கொட்டாய்ல வண்டிய நிறுத்துவேன் இல்ல, அங்க பூரா குளவிதான்."

கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் கொடுத்தேன். பூ சரிந்து தோளில் விழுந்தது. தனசேகர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, புண்ணிலிருந்து முள்ளை எடுப்பதுபோல, உள்ளே தள்ளாமல் வெளிப்பக்கமாக நோண்டி நோண்டி எடுத்தார். முதலில் பொடி வந்தது. பிறகு ஒரு துண்டு மண் முழுசாகக் கழன்று கீழே விழுந்து உடைந்தது. கடைக்காரர் காற்றுக் குழாயைத் தூரத்தில் பிடித்து லேசாகத் திறந்தார். மறு வாயில் என் விரலை வைத்திருந்தேன். காற்று வந்து விரலைத் தொட்டது.

"வருதுங்க" என்றேன். எனக்கே என் குரல் வேறு மாதிரி கேட்டது.

எல்லாவற்றையும் பூட்டிக் கிளம்பும்போது கடைக்காரர் கூலி வாங்க மறுத்தார். "கண்டுபுடிச்சது நீங்க. பொண்ணு மாப்ளையாண்ட எப்படி வாங்குறது, போய்ட்டு வாங்க" என்றார்.

கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் நாலைந்து கிலோமீட்டர்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் இன்ஜின் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டு போனோம். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் நான் முதலில் கோபுரத்தைப் பார்க்கவில்லை. சாவியை வாங்கி டேங்க் மூடியைத் திறந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இருவரும் நடுரோட்டில் நின்று சிரித்தோம்.

படிகளின் உச்சியில் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நித்யா, கையில் செல்போனோடு. என் கொண்டை அவிழ்ந்திருந்தது. அவர் வேட்டியில் கிரீஸ் கறை.

"இன்னாடா கோலம் இது?" என்றார் அக்கா. "மணி பத்து ஆவப் போவுது."

"வண்டி நின்னுடுச்சுக்கா. இவதான் இன்னா கோளாறுன்னு கண்டுபுடிச்சா. மூணு மெக்கானிக் பாத்தும் தெரியாதது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைத் திருப்பி நிறுத்தி, தன் தலையிலிருந்தே இரண்டு ஊசிகளை எடுத்து என் பூவைச் சரியாகக் குத்திவிட்டார். "வாம்மா, ஐயரு காத்துக்கினு இருக்காரு" என்றார். அவர் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முகூர்த்தம் முடிய அரை மணி நேரம் மீதி இருக்கும்போது தாலி ஏறியது. மேளக்காரர் ஒருவர்தான், ஆனால் நாலு பேர் வாசிப்பதுபோல் வாசித்தார்.

திண்டிவனத்துக்கு வேனுக்கு முன்னால் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். வடை பாயசத்தோடு சாப்பாடு. வெயில் தாழ்ந்ததும் கெடாருக்குக் கிளம்பினோம். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். விக்கிரவாண்டி வந்தது, போனது. விழுப்புரத்தில் ரயில் சத்தமும் பஸ் ஹாரனும் பழைய பாட்டாகக் கேட்டன. ஊரைத் தாண்டி மேற்கே திரும்பியதும் அவை ஒவ்வொன்றாகக் கரைந்தன. மல்லாட்டைக் கொல்லைகளுக்கு மேல் ஈர மண் வாசனை. இத்தனை வருடம் இருந்த ஊரில் இந்நேரம் அந்தச் சத்தத்துக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டிருப்பேன். இங்கே சாத்த வேண்டியதில்லை என்று தோன்றியது.

கெடாரில் தெருமுனை டீக்கடையில் இருந்த எல்லாருக்கும் அந்த வண்டியின் குணம் தெரியும். எங்களைப் பார்த்ததும் கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கல்யாண மாப்ள, எந்த எடத்துல நின்னுச்சு வண்டி?"

தனசேகர் மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய், கூப்பிடு தூரத்தில் இருந்த வீட்டு வாசலில் நிறுத்தினார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு, அங்கிருந்தே திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"இந்த எடத்துலதான்."