முன் சீட்டில் நான், தூண்டிலில் விரால்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என்னை ஒரு மீன் இழுத்துக்கொண்டு போனது.

நிஜமாகத்தான். நான் மீனை இழுத்தது அப்புறம். முதலில் அதுதான் என்னை இழுத்தது... என்னோடு என் மருமகளையும், நாங்கள் உட்கார்ந்திருந்த கயாக்கையும் சேர்த்து.

கயாக் பார்த்திருப்பீர்கள். வாழைப்பூ மடல் மாதிரி நீளமாக, ஒடுக்கமாக ஒரு பிளாஸ்டிக் படகு. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர் போகிறது. மந்தைவெளியில், மொட்டை மாடியில், துணிக்கொடிக்குக் கீழே கிடக்கும். மருமகள் ஜெசிந்தா வாங்கியது. அவள் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறாள். வாரம் முழுக்க இரும்புச் சத்தம். ஞாயிறு வந்தால் அவளுக்குத் தண்ணீர் வேண்டும். சனிக்கிழமை சாயந்திரமே சர்ச்சில் பூசை பார்த்துவிடுவாள் — மறுநாள் காலை கையில் தூண்டில்தான்.

அவளுக்கு ஒரே ஆசை. தன் கை நீளத்துக்கு ஒரு விரால் பிடிக்க வேண்டும். கெண்டை மாட்டியிருக்கிறது, கெளுத்தி மாட்டியிருக்கிறது, ஒருமுறை யாரோ எறிந்த ஹெல்மெட்கூட மாட்டியிருக்கிறது. பெரிய விரால் மட்டும் கிடையாது. மீன் பிடிக்கிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்ஆப் குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் இவள் ஒருத்திதான் பெண். இன்னா ஜெசி, இந்த வாரமும் ஏரிக்குத் தண்ணி காட்டிட்டு வந்தியா என்று கேட்பார்களாம். சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொல்வாள். ஆனால் அதற்கப்புறம் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் இருக்கிறதே... அது சிரிக்காது.

வழக்கமாக முன் சீட்டில் என் மகன் உட்காருவான். போன வாரம் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. முன்னால் கனம் இல்லாவிட்டால் கயாக் காற்றுக்குத் திரும்பித் திரும்பிப் போகுமாம். வீட்டில் கனத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"அத்தே, நீங்க ஒண்ணும் பண்ண வாணாம். சும்மா குந்திக்கினு வாங்க" என்றாள்.

சும்மா உட்காருவதில் எனக்கு நல்ல பழக்கம். கல்யாண மண்டபத்திலேயே தூணுக்குப் பின்னால் நாற்காலி தேடுகிறவள் நான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுது என்றால் உங்களுக்கு இப்படி வாரா வாரம் எழுதிவிடுவேன். நேரில் நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மருமகளிடமும் அப்படித்தான். வீட்டில் அவள் சொல்வாள், நான் தலையாட்டுவேன்.

கயாக்கைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி, திருவான்மியூர் தாண்டி ஒரு ஏரிக்குப் போனோம். எந்த ஏரி என்று கேட்காதீர்கள். பெயரை எழுதினால் கூட்டம் வந்துவிடும் என்று எனக்கு உத்தரவு. புடவைக்கு மேல் ஆரஞ்சு கலரில் லைஃப் ஜாக்கெட். நல்லவேளை, கரையில் ஆள் இல்லை.

தண்ணீரில் கொஞ்ச தூரம் போனதும் ஒன்று புரிந்தது. மாமியாரும் மருமகளும் பேசுவதற்கு கயாக் மாதிரி ஓர் இடம் கிடையாது. முகம் பார்க்க முடியாது. நான் தண்ணீரிடம் பேசுகிறேன், அவள் என் முதுகிடம் பேசுகிறாள். கோபம் வந்தாலும் எழுந்து போக வழியில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்கிப் போடலாம்!

அப்போதுதான் அவள் துடுப்பில் பாசி சுற்றிக்கொண்டது. அதை எடுக்கிற வரைக்கும் பிடித்திருங்கள் என்று தூண்டில் கம்பை என் பக்கம் நீட்டினாள். நுனியில் ஒரு ரப்பர் தவளை.

எனக்கு முன்னால், மிளகாய்த்தூளைக் கொட்டிய மாதிரி, தண்ணீரில் செக்கச்செவேல் என்று ஒரு திட்டு. குமிழ் குமிழாகக் கொப்பளித்தது. என்ன அழகு! சும்மா இருக்கலாம் இல்லையா? கம்பை நீட்டி, தவளையை அந்தச் சிவப்பின் மேல் வைத்தேன்.

தண்ணீர் வெடித்தது.

ரீல் கிர்ர்ர் என்று கத்துகிறது. கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொடுகிறது. கயாக் தானாகத் திரும்பி ஓட ஆரம்பித்தது. என்னையறியாமல் ஒரு கூச்சல் போட்டேன். பயமா? பயமில்லை. இந்த வயதில் அதற்கு என்ன பெயர் வைப்பது... சந்தோஷம்தான்.

"நீயே புடிம்மா" என்று கத்தினேன்.

ஜெசிந்தா தொடவில்லை. "உங்க கையில மாட்டிச்சி, உங்க மீனு அத்தே. நான் தொட்டா கணக்கே கெடையாது. விடாதீங்க. அது இழுத்தா விடுங்க, நின்னா சுத்துங்க."

பாருங்கள், தூண்டில் அவளுடையது. ஆசையும் அவளுடையது. கை நீட்டினால் எட்டும். மீன் பிடிக்கிறவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம், அதை அவள் மீறவில்லை.

அது இழுத்தது, விட்டேன். நின்றது, சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. காற்றும் மீனும் சேர்ந்து எங்களை எங்கேயோ கொண்டுபோய்விட்டன. கடைசியில் அது களைத்துப் பக்கத்தில் வந்தது. ஜெசிந்தா வலையால் அள்ளினாள். விரால். கறுப்பும் வெள்ளையுமாகப் பாம்பு உடம்பு. தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விரல் நுனியைத் தாண்டியும் வால் இருந்தது.

கட்டிங் பிளேயரால் தூண்டில் முள்ளைக் கழற்றினாள். வலையோடு மீனைத் தண்ணீரில் தொங்கவிட்டு, போனை எடுத்தாள். நான் பெருமையாக மிளகாய்த்தூள் கதையைச் சொன்னேன்.

அவள் கை நின்றுவிட்டது. சிவப்பாவா, கொப்பளிச்சுதா என்று கேட்டாள். அது விரால் குஞ்சுகளாம். பெரிய விரால் அடியிலேயே நின்று காவல் காக்குமாம். அது இல்லை என்று தெரிந்தால் மற்ற மீன்கள் வந்து குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடுமாம். குஞ்சு இருக்கிற இடத்தில் அவர்கள் தூண்டிலே போட மாட்டார்களாம். எனக்கு எப்படித் தெரியும்?

அவள் போனைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். "ஒரே ஒரு போட்டோ அத்தே..." குரல் கெஞ்சியது. அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதே கிடையாது. ஆனால் காற்று எங்களைக் குஞ்சுகளிடமிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது.

"வாணாம். துடுப்ப எடு" என்றேன்.

நானா சொன்னேன்? நான்தான். அவளும் எடுத்துவிட்டாள்.

அப்புறம் அவள் துடுப்புப் போட்ட வேகம் இருக்கிறதே! நான் வலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கை மரத்துப் போனது. போன இடத்தில் சிவப்பைக் காணோம். இங்கேதான் என்றேன், இல்லை அங்கே என்றேன். அவள் திட்டவில்லை, திருப்பித் திருப்பி ஓட்டினாள். கோரைப்புல் ஓரத்தில் தண்ணீர் சளக் சளக் என்று அடித்துக்கொண்டது. அங்கேதான் சிவப்பு. முன்பு பார்த்ததில் பாதி இருக்குமோ என்னவோ... சுற்றிலும் கெண்டைகள் பாய்ந்துகொண்டிருந்தன.

வலையைக் கவிழ்த்தேன். விரால் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு நேராக அடியில் போனது. வாலால் ஒரு பெரிய அடி. கெண்டைகள் சிதறி ஓடின. சிவப்புத் திட்டு ஒரே வீச்சில் அதற்குப் பின்னால் இறங்கி மறைந்தது.



திரும்பும்போது குட்டி யானையில் உட்கார்ந்து குரூப்புக்குக் குரல் அனுப்பினாள். "எங்க அத்தை ஒரு விரால் புடிச்சாங்க. என் கைய விடப் பெருசு. போட்டோ கெடையாது. நம்பறவன் நம்பு." எல்லோரும் சிரிக்கிற பொம்மையாக அனுப்பினார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் சத்தமில்லாமல் பாத்திரம் கழுவினாள்.

அன்று மதியம் எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு. ஏன் என்று கேட்க என் மகனுக்குத் தைரியம் வரவில்லை.