ஒட்டிக்கொண்ட வாக்குத்தத்தம்

பொத்தேரியில் விடுதிப் பிள்ளைகளுக்கு இட்லிக்கடை நடத்திய ஞானம்மாளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வருஷப் பிறப்பு ஆராதனையில் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும், பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை என்ன சொல்கிறதோ, அந்த வருஷம் அதுதான் அவளுக்குச் சட்டம்.

2002-இல் வந்தது, பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லும் வசனம். சாலையை அகலப்படுத்துகிறார்கள், மார்ச் கடைசிக்குள் கடையை எடுத்துவிடு என்று நோட்டீஸ் வந்திருந்த நேரம் அது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி இல்லை, கடை போனால் சோறு இல்லை. "எங்க காத்துகினு இருக்கிறது, நடுரோட்லயா?" என்று ஆண்டவரிடமே சண்டை போட்டாள்.

அட்டையை அடுப்படி அலமாரியில் சாத்தி வைத்திருந்தாள். ஒரு வாரம் இட்லிப் பானையின் ஆவி பட்டதும் அது இரண்டாகப் பிரிந்தது. பின்னால் இன்னொன்று ஒட்டியிருந்திருக்கிறது. பயப்படாமல் புறப்படு, கூடவே வருகிறேன் என்றது அது.

ஞானம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று வரிசையில் அவளுக்குப் பின்னால், கடைசியாக நின்ற பெண் பெட்டி காலியாகிக் கண்கலங்கிப் போனாளே! பிரபாவதி. அதே சபையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு வந்திருந்த அணுபுரத்துக்காரி. அடுத்தவளுடைய வாக்குத்தத்தத்தை அமுக்கி வைத்துக்கொண்டு, தனக்கு மட்டும் வழி கேட்டால் ஆண்டவர் என்ன நினைப்பார்?

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விடுங்கம்மா" என்றார் பாஸ்டர். ஞானம்மாள் விடுகிற ஆளா? அக்காக்காரியிடம் விலாசம் வாங்கி, கடையை ஒருநாள் மூடி, ஒரு தூக்கு நிறைய இட்லியோடு செங்கல்பட்டில் பஸ் மாறி அணுபுரம் போய்விட்டாள்.

"உன் அட்டை என்கூட ஒட்டிகினு வந்துட்ச்சும்மா" என்று இரண்டாவது அட்டையை நீட்டினாள்.

பிரபாவதி படித்துவிட்டு அழுதாள். வீட்டுக்காரருக்குக் கர்நாடகத்துக்கு மாற்றல். "தெரியாத ஊரு, தெரியாத பாஷை. ஆண்டவரு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப மாட்டாரான்னுதான் ஆன்ட்டி அன்னிக்கு நின்னேன்."

அழுகை ஓய்ந்ததும் இட்லியைப் பிட்டு வாயில் போட்டவள், ருசி பார்த்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள்.

"வேலைக்குப் போற எட்டு வீட்டுக்கு நான்தான் மத்தியானச் சாப்பாடு செஞ்சு குடுக்குறேன். நான் போனப்புறம் யாரு செய்வாங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. நீங்க வர்றீங்களா? பக்கத்துல ஒரு ரூம் பாத்துடலாம்."

"எப்போ வரணும்?" என்றாள் ஞானம்மாள்.

"மார்ச் முடிஞ்சதும் நாங்க கிளம்புறோம். அதுவரைக்கும் கொஞ்சம் காத்திருங்க ஆன்ட்டி."

ஞானம்மாள் சிரித்தாள், அழுதாள், அந்தச் சமையலறைத் தரையிலேயே முழங்கால் போட்டுவிட்டாள்.

ஏப்ரல் முதல் அந்த எட்டு வீட்டுக்கும் அவள் கைச் சாப்பாடுதான். அங்கே உள்ள சபையிலும் வருஷப் பிறப்பன்று அட்டை உண்டு. ஞானம்மாள் எப்போதும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்வாள். உங்களுக்கு இல்லாமல் போய்விடுமே என்று யாராவது முன்னால் கூப்பிட்டால், "போவட்டும், எனக்குப் பழசே இன்னும் ஓடிகினு கீது" என்பாள்.