ஐந்தாவது நகம்

எழுபதுகளில், கணவரின் ஆராய்ச்சிக்காக நாங்கள் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருந்தபோது, ஓர் அருங்காட்சியகத்தின் துணி செப்பனிடும் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. எனக்குப் பூத்தையல் வரும். அதைத் தவிர வேறு தகுதி கிடையாது. பிரிவின் தலைவிக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய தாய் எல்லைக்கு அப்பால், மேற்கு ஜெர்மனியில், சாகக் கிடந்தார். போய்ப் பார்க்க அரசின் அனுமதி வேண்டும். அதற்கு வேலையிடத்திலிருந்து நற்சான்றுக் கடிதம் வேண்டும்.

அவர் விண்ணப்பம் கொடுக்கப் போன நாளில், என் மேசையில் பழைய சீன அரசவை அங்கி ஒன்று கிடந்தது. நீலப் பட்டு, மேலே பொன்னிழையில் டிராகன்கள். பளீர் மஞ்சள் பேரரசர் குடும்பத்துக்கு மட்டுமே உரியது, மற்றவர் உடுத்தினால் தண்டனை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். தாலிக்கயிற்றுக்கு மளிகைக் கடை மஞ்சளைப் பூசும் ஊர்க்காரிக்கு அது சிரிப்பாக இருந்தது.

"தளர்ந்த இழைகளை மட்டும் பிடித்துத் தையுங்கள். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கை சும்மா இருந்தால்தானே? மற்ற பாதங்கள் எல்லாம் தேய்ந்துபோயிருக்க, ஒரு டிராகனின் பாதத்தில் மட்டும் நான்கு நகங்கள் தெளிவாக இருந்தன. ஐந்தாவது இடத்தில் வெறும் ஊசித் துளைகள். இழை உதிர்ந்துவிட்டது என்று நினைத்து, அந்தத் துளைகளிலேயே ஊசியை விட்டு ஐந்தாவது நகத்தைத் தைத்து முடித்தேன். அச்சு அசலாக வந்தது. பெருமை வேறு.

மறுநாள் அதைப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து நகம் பேரரசருக்கு உரியதாம். அப்படிப்பட்ட அங்கியைக் கீழே உள்ளவருக்குப் பரிசளித்தால், ஒரு நகத்தைப் பிரித்த பிறகே அவர் உடுத்தலாமாம். அந்த வெறும் துளைகள்தான் அங்கியின் கதையைச் சொன்னவை. அவற்றைத்தான் நான் மூடியிருந்தேன்.

இயக்குநர் வந்தார். "யார் செய்தது?"

"பொறுப்பு என்னுடையது. தவறும் என்னுடையதுதான்" என்றார் தலைவி.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை.

வீட்டில் கணவர், "நீ பேசாம இரு. விசா கேன்சல் ஆயிட்டா என் ரிசர்ச் என்ன ஆகும்?" என்றார். அவர்மேல் பழி போட மாட்டேன். அவர் சொல்வதற்கு முன்பே நான் பயந்து செத்திருந்தேன்.

நற்சான்றுக் கடிதம் கிடைக்கவில்லை. மூன்றாவது வாரம் தாய் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அடக்கத்துக்கும் அவரைப் போக விடவில்லை.

அடுத்த நாள் கறுப்பு உடையில் வேலைக்கு வந்தார். எப்போதும்போல் என்னைப் பார்த்துக் காலை வணக்கம் சொன்னார். ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். நானும் வெட்கமில்லாமல் பதில் வணக்கம் சொன்னேன்.